டிராக்டருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்: பேட்டரி மாற்றும் முன் இதைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் இதழில் டிராக்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஒரு நாள் காலை, டெல்டாவில் விவசாயம் செய்யும் என் பெரியப்பா மகன் போன் செய்தார். குறுவை அறுவடை நேரம். "தம்பி, டிராக்டர்ல கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னு சொல்றாங்க. நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே. ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். முதல் நாள் மாலை டிராக்டரின் பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்து வண்டியில் இருந்து கேபிள் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, அங்கிருந்த ஒருவர் இன்ஜின் ஓடிக் கொண்டிருக்கும்போதே பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றினார். பழைய டிராக்டர்களில் பலரும் செய்து பார்த்த சோதனைதான். ஆனால் இது புது வண்டி. இன்ஜின் அப்படியே நின்றது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. உள்ளே இருந்த கன்ட்ரோல் யூனிட் எரிந்துவிட்டது. புதியது வரும் வரை ஒன்பது நாள் வண்டி கொட்டகையில் நின்றது. நெல் களத்தில் நின்றது. புது பேட்டரியின் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

இந்த இழப்பைத் தவிர்க்க ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு இதைப் புரிந்து கொள்வது எளிது. நீங்கள் "ஷட் டவுன்" கொடுத்த பிறகுதானே சுவிட்சை அணைக்கிறீர்கள்? இங்கும் அதே பாடம்தான்.

டிராக்டரில் எங்கே இருக்கிறது கம்ப்யூட்டர்?

பழைய டீசல் டிராக்டரில் மின்சாரத்தின் வேலை மிகக் குறைவு. செல்ஃப் மோட்டாரைச் சுற்ற வேண்டும், விளக்குகள் எரிய வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும். இன்ஜின் ஒரு முறை ஓடத் தொடங்கிவிட்டால் டீசலை அளந்து தரும் பம்ப் முழுவதும் இயந்திர முறையிலேயே இயங்கும். ஸ்டாப்பரை இழுத்தால்தான் நிற்கும்.

இந்தியாவில் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இவற்றை நிறைவு செய்ய இந்தப் பிரிவில் காமன் ரெயில் இன்ஜின்கள் வந்தன. இவற்றில் டீசல் 1,000 பார் அழுத்தத்திற்கும் மேல் ஒரு குழாயில் காத்திருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த அழுத்தம் எவ்வளவு என்று புரியும். எந்தச் சிலிண்டருக்கு, எந்த நொடியில், எவ்வளவு டீசல் என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் கணக்கிட்டு இன்ஜெக்டரைத் திறந்து மூடுவது இன்ஜின் கன்ட்ரோல் யூனிட். சுருக்கமாக இ.சி.யூ. என்பார்கள். இதுதான் டிராக்டரின் கம்ப்யூட்டர்.

இதற்குள்ளும் பிராசசர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, புரோகிராம் இருக்கிறது. கீ போர்டும் மவுசும் மட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் வெப்பம், அழுத்தம், வேகம் ஆகியவற்றை அளக்கும் சென்சார்கள் தகவல் தருகின்றன. மானிட்டரின் இடத்தில் மீட்டர் போர்டு இருக்கிறது. பல வண்டிகளில் இவற்றை எல்லாம் இணைப்பது கேன் எனப்படும் இரண்டு ஒயர் நெட்வொர்க். பாஷ் நிறுவனம் 1986ல் கார்களுக்காக அறிமுகப்படுத்தியது இது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை ஒரே நெட்வொர்க்கில் இணைப்பது போல எனலாம்.

"என்னுடையது சிறிய டிராக்டர், அதில் இதெல்லாம் கிடையாது" என்று நினைக்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டர், வண்டி இருக்கும் இடத்தைப் போனுக்குச் சொல்லும் கருவி, நிலத்தைச் சமன் செய்யும் லேசர் லெவலரின் கன்ட்ரோல் பெட்டி, மொபைல் சார்ஜர், ஏன், பாட்டுப் பெட்டி கூட இதே பேட்டரியில்தான் இயங்குகின்றன. எல்லாவற்றிலும் சிப் இருக்கிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டை, எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. டிராக்டரில் அந்த முதல் 12 வோல்ட் நேரடியாக பேட்டரியில் இருந்து வருகிறது. இ.சி.யூ. அதை உள்ளே 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று குறைத்து சிப்களுக்குத் தருகிறது. இப்படிச் சில வோல்ட்டில் வேலை செய்யும் சிப்களுக்கு வரும் பாதையில் திடீரென நூறு வோல்ட் வந்தால் என்ன ஆகும்? அதைத்தான் ஸ்பைக் என்கிறோம்.

12 வோல்ட் வண்டியில் 100 வோல்ட் எப்படி வருகிறது?

வண்டியில் இருப்பதே 12 வோல்ட் பேட்டரி. அதில் நூறு வோல்ட் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி.

பழைய டியூப் லைட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் சோக் ஒன்றும் ஸ்டார்ட்டர் ஒன்றும் இருக்கும். சோக் என்பது இரும்பின் மேல் சுற்றப்பட்ட கம்பிச் சுருள். ஸ்டார்ட்டர் மினுக்கி மினுக்கி அதில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென வெட்டும். அப்போது சோக் பல நூறு வோல்ட் மின் அழுத்தத்தை உருவாக்கும். அந்த உதையில்தான் டியூப் பற்றிக் கொள்கிறது. கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்க விரும்பாது. நிறுத்தினால் மின் அழுத்தத்தை உயர்த்திக் கொண்டு வழி தேடும். மைக்கேல் ஃபாரடே 1831ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை.

டிராக்டரில் இப்படிப்பட்ட கம்பிச் சுருள்கள் நிறைய உண்டு. செல்ஃப் மோட்டாரின் சோலினாய்டு, ரிலேக்கள், ஹாரன் எல்லாமே சுருள்கள்தான். இவற்றை அணைக்கும்போது சிறு சிறு ஸ்பைக்குகள் எழும். எல்லாவற்றிலும் பெரிய சுருள் ஆல்டர்னேட்டர்.

ஆல்டர்னேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உள்ளே சுழலும் பகுதியில் ஒரு சுருள் இருக்கிறது. அதில் சிறிய மின்னோட்டம் செலுத்தினால் அது காந்தமாகிறது. இந்தக் காந்தம் சுழலும்போது வெளிச் சுருள்களில் மின்சாரம் உண்டாகிறது. ரெகுலேட்டர் என்ற பகுதி அந்தச் சிறிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து, வெளியே வருவதை 14 வோல்ட் அளவில் வைத்துக் கொள்கிறது.

இப்போது பேட்டரி இறங்கியிருக்கிறது. ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர் அளவில் அதற்குள் செலுத்திக் கொண்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த நேரத்தில் நீங்கள் டெர்மினலைக் கழற்றுகிறீர்கள். 40 ஆம்பியருக்கும் போக இடமில்லை. ரெகுலேட்டர் உடனே காந்தத்தைக் குறைக்கப் பார்க்கும். ஆனால் காந்தம் இறங்கச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் மின் அழுத்தம் எகிறிவிடும். வயலில் மோட்டார் ஓடும்போது குழாயின் வால்வைச் சட்டென்று மூடினால் குழாயே அதிருமே, அது போலத்தான்.

இதற்கு ஆங்கிலத்தில் லோட் டம்ப் என்று பெயர். வாகன எலக்ட்ரானிக்ஸ் பொருட்களைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 16750-2 என்ற தர விதியில், 12 வோல்ட் வாகனத்தில் எந்தத் தடுப்பும் இல்லாதபோது இந்த அழுத்தம் 79 முதல் 101 வோல்ட் வரை என்று எடுத்துக் கொண்டு சோதிக்கிறார்கள். நேரம் 40 முதல் 400 மில்லி செகண்ட். அதாவது கண் இமைக்கும் நேரம்தான். நமக்கு அது ஒன்றுமில்லை. சிப்பிற்கு அது மிக நீண்ட நேரம்.

இப்போதைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இந்த உயரத்தைச் சுமார் 35 வோல்ட்டிற்குள் வெட்டிவிடும் சிறப்பு டயோடுகள் உள்ளன. இ.சி.யூ.விற்குள்ளும் தற்காப்பு டயோடுகள் இருக்கும். அப்படியானால் பயமில்லையே என்று நினைக்கக் கூடாது. எல்லா ஆல்டர்னேட்டரிலும் இது இல்லை. நீங்கள் கடையில் வாங்கி மாட்டிய ஜி.பி.எஸ்., சார்ஜர் போன்றவற்றில் எவ்வளவு தற்காப்பு இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. மேலும், அடி வாங்கிய சிப் உடனே எரிய வேண்டும் என்பதில்லை. பலவீனமாகிச் சில வாரங்கள் கழித்துச் செயலிழக்கலாம். அப்போது காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாது.

இதில் இருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று. பேட்டரி மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டி மட்டும் அல்ல. அதிர்ச்சியை வாங்கிக் கொள்ளும் மெத்தையும் அதுதான். அந்த மெத்தையை எடுக்கும்போது எதுவும் ஓடிக் கொண்டிருக்கக் கூடாது.

பேட்டரி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வோல்ட்: டிராக்டர் 12 வோல்ட் என்றால் 12 வோல்ட் பேட்டரிதான்.

2. கொள்ளளவு: நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலும் 75 முதல் 100 ஆம்பியர் அவர் வரையிலான பேட்டரிகள் உள்ளன. கையேட்டில் உள்ள அளவையே வாங்கவும். விலை குறைவு என்று சிறியதை வாங்கினால் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் மிகவும் இறங்கி இ.சி.யூ. தடுமாறும்.

3. டெர்மினல் இருக்கும் பக்கம்: இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரே அளவுள்ள பேட்டரியிலேயே பாசிட்டிவ் இடப்புறம் உள்ளது, வலப்புறம் உள்ளது என இரண்டு வகை உண்டு. மாறி வாங்கினால் கேபிள் எட்டாது. இழுத்து மாட்டும் அவசரத்தில் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிவிடும். அப்படி மாறினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் எரிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் பொருட்களும் அதனோடு போகலாம். பழைய பேட்டரியை மொபைலில் படம் எடுத்துக் கொண்டு கடைக்குப் போவது நல்லது.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடவும். அதில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதற்கென்றே 2022ல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டுள்ளது. தவிர, பழையதற்குக் கடையில் விலையும் கழித்துக் கொள்வார்கள்.

பழைய பேட்டரியைக் கழற்றும் முறை

கீழ்க்காணும் வரிசையில் செய்திடவும். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. டிராக்டரைக் காற்றோட்டமான, சமதளமான இடத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடவும். கை மோதிரம், வளையல், இரும்பு வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும். கையுறையும் கண்ணாடியும் அணியவும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது வெடிக்கக் கூடியது. எனவே பீடி, சிகரெட், தீக்குச்சி அருகில் கூடாது.

2. விளக்கு, மின்விசிறி, பாட்டு எல்லாவற்றையும் அணைக்கவும். மொபைல் சார்ஜர், ஜி.பி.எஸ்., லேசர் லெவலர் பெட்டி போன்ற வெளிக் கருவிகளின் இணைப்புகளைப் பிடுங்கிவிடவும்.

3. இன்ஜினை நிறுத்தி, சாவியை வெளியே எடுத்து உங்கள் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளவும். வேறு யாரும் நடுவில் சாவியைத் திருப்பிவிடாமல் இருக்க இதுவே வழி.

4. இப்போது காத்திருக்கவும். விண்டோஸ் மூடும்போது "ஷட்டிங் டவுன்" என்று சிறிது நேரம் காட்டுகிறது அல்லவா? பல இ.சி.யூ.க்களும் சாவியை அணைத்த பிறகு, தான் கற்றுக் கொண்ட அளவுகளை மெமரியில் எழுதிக் கொண்டிருக்கும். புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் பயன்படுத்தும் பெரிய இயந்திரங்களில், குழாயில் மீதமுள்ள கரைசலைத் தொட்டிக்குத் திரும்ப இழுக்கும் வேலையும் அப்போது நடக்கும். எவ்வளவு நேரம் என்பது கையேட்டில் இருக்கும். கையேடு கையில் இல்லை என்றால் குறைந்தது ஐந்து நிமிடம், யூரியாக் கரைசல் உள்ள இயந்திரம் என்றால் அதற்கும் மேலாகக் காத்திருக்கவும். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் தனியாக இருந்தால், காத்திருந்த பிறகே அதை அணைக்கவும்.

5. முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றவும். பேட்டரியில் மைனஸ் அடையாளம் உள்ளது அது. கேபிளின் மறுமுனை டிராக்டரின் உடலில் எர்த் ஆக முறுக்கப்பட்டிருக்கும். கழற்றிய முனையில் காய்ந்த துணியைச் சுற்றி, டெர்மினலில் மீண்டும் படாதபடி ஒதுக்கி வைக்கவும். இரண்டு பேட்டரி உள்ள இயந்திரம் என்றால் முதலில் இரண்டின் நெகட்டிவையும் எடுக்கவும்.

நெகட்டிவை ஏன் முதலில் எடுக்க வேண்டும்? டிராக்டரின் உடல் முழுவதுமே நெகட்டிவ்தான். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை பானெட்டிலோ சேசிஸிலோ பட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட். ஸ்பேனர் பழுத்துவிடும், பேட்டரி வெடிக்கலாம். நெகட்டிவை எடுத்துவிட்டால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் உடலில் பட்டாலும் மின்னோட்டத்திற்குச் சுற்று வழி இல்லை.

6. அடுத்து பாசிட்டிவைக் கழற்றவும். டெர்மினல் இறுகியிருந்தால் சுத்தியால் தட்ட வேண்டாம். நட்டை நன்றாகத் தளர்த்தி மெதுவாக ஆட்டி எடுக்கவும்.

7. பிடிப்புக் கம்பியைக் கழற்றி பேட்டரியைத் தூக்கவும். இதன் எடை இருபது கிலோ இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம். சாய்க்காமல் தூக்கவும். அமிலம் மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் பதினைந்து நிமிடம் கழுவவும். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லவும்.

புதிய பேட்டரியை மாட்டும் முறை

1. கேபிள் முனைகளில் படிந்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூப்பைச் சுத்தம் செய்யவும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பிறகு நன்றாகக் காய விடவும். எர்த் கேபிள் உடலில் முறுக்கப்பட்டிருக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே துரு இருந்தால் புது பேட்டரி போட்டும் பயனில்லை.

2. பேட்டரியை வைத்து, பிடிப்புக் கம்பியை இறுக்கவும். வயலில் குதித்து ஓடும் வண்டியில் பேட்டரி ஆடினால் டெர்மினல் விட்டு விட்டுத் தொடும். ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றினால் என்ன நடக்குமோ, அதுவே ஒவ்வொரு குழியிலும் நடக்கும்.

3. மாட்டுவதற்கு முன் அடையாளத்தை இரண்டு முறை பாருங்கள். பிளஸ் எது, மைனஸ் எது? கூம்பு வடிவ டெர்மினல்களில் பாசிட்டிவ் சற்றுத் தடிமனாக இருக்கும். கேபிளின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு யாராவது வேறு நிறக் கேபிளைப் போட்டிருக்கலாம்.

4. இப்போது வரிசை தலைகீழ். முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவை முழுவதும் இறுக்கிய பிறகே நெகட்டிவைத் தொடவும்.

5. நெகட்டிவை ஒரே முறையில், உறுதியாக உட்கார வைக்கவும். அப்போது சிறு பொறி வரலாம். கருவிகளுக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் நிரம்புவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். ஆனால் "கரண்ட் வருதா பார்ப்போம்" என்று கேபிளைத் தொட்டுத் தொட்டு எடுப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. ஒவ்வொரு தொடுதலும் கம்ப்யூட்டரின் பிளக்கைச் செருகிச் செருகிப் பிடுங்குவதற்குச் சமம். பொறி பெரிதாக வந்தால் ஏதோ ஒன்று அணைக்கப்படாமல் இருக்கிறது, அல்லது பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கிறது. நிறுத்திவிட்டுச் சோதிக்கவும்.

6. இறுக்கிய பின் டெர்மினல்களின் மேல் வாசலின் தடவவும். பாசிட்டிவ் மூடியை மறக்காமல் போடவும்.

7. சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் சில நொடிகள் விடவும். மீட்டர் போர்டின் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணையட்டும். கம்ப்யூட்டர் பூட் ஆக நேரம் தருவது போலத்தான். பிறகு ஸ்டார்ட் செய்யவும். கடைசியாக வெளிக் கருவிகளை இணைக்கவும். கடிகார நேரம் மாறியிருந்தால் சரி செய்து கொள்ளவும்.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சரியான வழி

டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்தில் இருந்து வந்தது. அப்போது அடிபட அதிகம் இருந்தது பல்புகள்தான். இன்று அந்தச் சோதனைக்கே தேவையில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் வீட்டிலும் அது இருக்க வேண்டிய கருவிதான்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைக்கவும். சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கருப்பு முனையை நெகட்டிவிலும் வைத்துப் பார்க்கவும்.

இன்ஜின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழ் என்றால் சார்ஜ் செய்ய வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட் அளவிற்கு இறங்கி மீள்வது இயல்பு. 9க்கும் கீழே போனால் பேட்டரி ஓய்ந்துவிட்டது எனலாம்.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது. 13க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் பழுது. அது ஓடும் நேரம் முழுவதும் எலக்ட்ரானிக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். உடனே சரி செய்யவும். என் அண்ணனின் வண்டியில் இந்த மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

பேட்டரியைத் தொடும் வேறு சில நேரங்கள்

ஜம்பர் கேபிள்: உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பல லாரிகளில் இரண்டு பேட்டரிகளை இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அவசரத்தில் லாரியில் இருந்து கேபிள் போட்டால் இரு மடங்கு அழுத்தம் ஏறிவிடும். கேபிளை மாட்டும் வரிசை: இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசி முனை நம் டிராக்டரின் இன்ஜின் இரும்பில், பேட்டரியில் இருந்து தள்ளி. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை ஏற்றாமல் மெதுவாகச் சில நிமிடம் ஓட விடவும். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுக் கேபிளைத் தலைகீழ் வரிசையில் எடுக்கவும். கேபிளை எடுக்கும்போது எழும் ஸ்பைக்கில் ஒரு பகுதியை ஹெட்லைட் வாங்கிக் கொள்ளும். நம் பேட்டரியின் சொந்த டெர்மினல்களை மட்டும் தொடாதீர்கள். இறங்கிய பேட்டரி அதிக ஆம்பியர் இழுக்கும் நேரம் அது. ஸ்பைக் மிகப் பெரிதாக வருவதும் அப்போதுதான்.

சார்ஜர்: வண்டியில் வைத்தே சார்ஜ் செய்வதானால் முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடவும். கிளிப்புகளை மாட்டிய பிறகு சார்ஜரின் சுவிட்சைப் போடவும். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைக்கவும்.

வெல்டிங்: டிரெய்லர் கொக்கியிலோ கலப்பையிலோ விரிசல் விட்டால் வண்டியில் இருந்தபடியே வெல்டிங் வைப்பது வழக்கம். வெல்டிங் மின்னோட்டம் நூறு ஆம்பியருக்கும் மேல் போகும். அது எர்த் வழியாக இ.சி.யூ.வைத் தேடிப் போகலாம். கலப்பையாக இருந்தால் தனியே கழற்றி வைத்துச் செய்யவும். முடியாவிட்டால் பேட்டரியின் நெகட்டிவ், பாசிட்டிவ் இரண்டையும் கழற்றி, கையேட்டில் சொல்லியிருந்தால் இ.சி.யூ.வின் கனெக்டரையும் எடுத்துவிட்டு, வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்திற்கு மிக அருகில் மாட்டச் சொல்லவும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்

டிராக்டர் இல்லாதவர்களும் இந்தப் பாடத்தைப் பயன்படுத்தலாம். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியை மாற்றும்போது முதலில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, இன்வெர்ட்டரை அணைத்து, அதற்கு வரும் மெயின் மின்சாரத்தையும் நிறுத்திவிடவும். சார்ஜ் ஆகிக் கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றுவது அங்கும் தவறுதான். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்ற பழக்கத்தை அங்கும் வைத்துக் கொள்ளவும்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் அடிக்கடி பழைய நிலைக்குப் போனால் மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதை மாற்றும் முன் ஷட் டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கவும். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உங்கள் உடலில் இருக்கும் நிலைமின்சாரத்தை நீக்கிக் கொண்டு மாற்றவும்.

பெரிதோ சிறிதோ, வயலில் ஓடுவதோ மேஜையில் இருப்பதோ, முறை ஒன்றுதான். முதலில் நிறுத்துங்கள், பிறகு காத்திருங்கள், அதன் பின் கழற்றுங்கள். வரிசை நினைவில் நிற்க, "எடுக்கும்போது மைனஸ் முதலில், கொடுக்கும்போது மைனஸ் கடைசியில்" என்று ஒரு காகிதத்தில் எழுதி டிராக்டரின் பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். என் அண்ணன் அப்படி ஒட்டி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே தன் கையால் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: "இன்ஜின் ஓடும்போது யாரும் தொடாதே."